உரோமாபுரி ஞானி செனேக்காவும் ஆதிக் கிறிஸ்தவர் அறமும்

அறநூல் செய்தார் எல்லோரும் அறவழியில் வழுவாது நின்றார் என்று சொல்லுதல் இயலாது. நின்றவர் சிலர், நிற்க முயன்று தளர்ந்தவர் பலர். தளர்ந்தவரின் நூலை நாம் கற்கலாமா, பிறர்க்குக் கற்பிக்கலாமா என்னும் வினா, ஆசிரியத் தொழிலில் உள்ள எவர்க்கும் ஒரு நாள் எழாமற் போகாது. இவ்வினாவை வேறெவரினும் மிகுதியாக எழுப்புகின்ற ஒருவர் மேலைத்தேயத்திலே வாழ்ந்தார். அவரே உலூசியசு அன்னேயசு செனேக்கா என்பவர்.

செனேக்கா கிறிஸ்தவரல்லர். கிறிஸ்தவரைப் பற்றி ஒரு சொல்லேனும் அவர் நூல்களாக இன்று எஞ்சியுள்ளவற்றில் இல்லை. ஆயினும், கிறிஸ்து சமயத்தின் பழைய ஆசிரியர் பலர் அவரைத் தம்மவர் போலவே போற்றினர். அவர் நூல்களைப் படிக்கும் மாணாக்கரும், இவை பவுல் அப்போஸ்தலரின் நிருபங்களை ஒத்திருக்கின்றனவே என வியந்து என்னிடம் வினவுவதுண்டு. சிலர் ஒரு படி மேற்சென்று, இரண்டும் ஒரே அறமே, பெயர்தான் வேறு என முடிவுகட்டி விடுகின்றனர். அம்முடிபு பொருந்துமா என்பதை அவர் வாழ்க்கை வரலாற்றின் வழியே ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். கொள்கைகளை ஏட்டளவில் ஒப்பிடுதலிலும், அவற்றைச் சுமந்து வாழ்ந்த ஒருவரின் நாட்களில் வைத்து நோக்குதல் பயனுடைத்து என்பது யான் கண்ட உண்மை.

ஸ்பானிய தேசத்துக் கோர்துபா நகரிலே, கி.மு. 4ஆம் ஆண்டை அடுத்து, செனேக்கா பிறந்தார். இயேசு பிறந்ததும் ஏறத்தாழ அதே காலத்திலேதான் என்பது அறிஞர் கணிப்பு. பேரரசின் மேற்கு எல்லையில் ஒருவரும் கிழக்கு எல்லையில் ஒருவருமாக, ஒருவரை ஒருவர் அறியாது, இருவரும் வளர்ந்தனர். செனேக்காவின் தந்தையார் சொல்வன்மைக் கலையில் வல்லவர். அக்கலை பற்றி நூலும் எழுதியவர். தாயார் பெயர் எல்வியா. ஆண்மக்கள் மூவருள் நம் செனேக்கா நடுவர். மூத்தவர் நோவாத்து; பின்னர் வேறொரு குடும்பத்துக்குச் சுவீகாரம் போய்க் கல்லியோன் எனப் பெயர் பெற்றவர். இளையவர் மேலா; உலூக்கன் என்னும் பெரும்புலவரின் தந்தை. கல்லியோன் என்ற பெயரை வாசகர் நினைவில் இருத்துவாராக. அவரை மீண்டும் சந்திப்போம்.

குழந்தைப் பருவத்திலேயே செனேக்கா உரோமாபுரிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே அத்தாலு என்னும் ஸ்தோயிக்க ஆசிரியரிடம் பாடம் கேட்டார். வகுப்பு மண்டபத்துக்கு முதலில் வந்து, கடைசியில் வெளியேறிய மாணாக்கர் அவர். ஸ்தோயிக்கம் என்பது கி.மு. 300ஆம் ஆண்டளவில் சைப்பிரசுத் தீவினரான சீனோ, ஏதென்சு நகரத்தில் ஓவியம் தீட்டப்பெற்ற ஒரு தூண்மண்டபத்தில் இருந்து போதித்த தத்துவம். ஸ்தோவா என்ற கிரேக்கச் சொல் அத்தகைய மண்டபத்தைக் குறிக்கும். அதுவே நெறிக்கும் பெயராயிற்று. உலகம் முழுவதிலும் ஊடுருவி நிற்கும் ஓர் அறிவு உண்டு, அதுவே கடவுள், அதன் பொறியே மனிதனிடத்துள்ள பகுத்தறிவு, அதற்கு இயைந்து வாழ்தலே அறம், அறம் ஒன்றே நன்மை, செல்வமும் நோயின்மையும் புகழும் நன்மையுமல்ல, தீமையுமல்ல, மனிதர் யாவரும் ஒரே நகரத்துக் குடிகள். இவையே அந்நெறியின் சாரம்.

இளைஞர் செனேக்கா இவற்றைக் கேட்டதோடு அமையவில்லை, செய்தும் பார்த்தார். சோத்தியன் என்னும் மற்றோர் ஆசிரியரின் சொற்கேட்டு, ஓராண்டு வரையில் புலாலுணவை நீக்கியிருந்தார். அப்பொழுது பேரரசன் திபேரியு பிறதேசத்து வழிபாடுகளை ஐயுற்று அடக்கிய காலம். புலால் மறுத்தல் அவ்வழிபாடுகளுக்கு அறிகுறியாகக் கருதப்பட்டமையால், தந்தையார் வேண்ட, மகன் அவ்விரதத்தைக் கைவிட்டார். பின்னாளில் இதனை அவரே ஒரு கடிதத்தில் எழுதி வைத்தார். இச்சிறு நிகழ்ச்சியில் அவர் வாழ்நாள் முழுவதையும் காணலாம் என யான் எண்ணுவதுண்டு. நல்லது எது என்று அறிந்து அதனை மேற்கொள்ளும் ஆர்வமும், அரசின் நிழல் படும்போது அதனைத் தளர்த்திக்கொள்ளும் இணக்கமும் ஒருங்கே அவரிடம் அமைந்திருந்தன.

உடல் நலமும் அவர்க்கு வாய்க்கவில்லை. ஈளை நோய் அவரை விடாது தொடர்ந்தது. நோயின் கொடுமையால் உயிரை விட்டுவிடலாமா என இளமையில் எண்ணியதும், முதிய தந்தையார் அதனைத் தாங்கமாட்டார் என்பதற்காக அவ்வெண்ணத்தை விலக்கியதும் அவரே சொன்ன செய்திகள். சிற்றன்னையார் ஒருவர் அவரைப் பேணிக் காத்தார். அவ்வம்மையாரின் கணவர் எகிப்தின் தேசாதிபதியாக இருந்தவர். செனேக்கா எகிப்தில் சிலகாலம் தங்கிக் கி.பி. 31இல் உரோமாபுரிக்கு மீண்டு, மூதவையில் இடம்பெற்று, நாவன்மையாற் புகழெய்தினார். அப்புகழே அவர்க்குப் பகையாயிற்று. கலிகுலா என்னும் அரசன் பொறாமையால் அவரைக் கொல்ல நினைத்தான் என்றும், இவர் நோயாளி, விரைவில் தாமே இறந்துபோவார் என ஒரு பெண் சொல்ல, அவன் விட்டுவிட்டான் என்றும் டியோ காசியசு என்ற சரித்திராசிரியர் எழுதுகிறார்.

கலிகுலா 41இல் கொல்லப்பட்டான். அடுத்துவந்த கிளாடியசின் ஆட்சியில், அரச குடும்பத்துப் பெண்ணொருத்தியுடன் தகாத தொடர்பு கொண்டார் எனச் செனேக்காமீது குற்றம் சாட்டப்பட்டது. கிளாடியசின் மனைவி மெசலீனாவின் சூழ்ச்சியே அது என்பர். அவர் கோர்சிக்காத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். இதற்கு இருபது நாட்களுக்குள் முன்னரே அவருடைய குழந்தை மகன் பாட்டியின் கைகளிலே உயிர்நீத்திருந்தான். எட்டாண்டுகள் அத்தீவில் கழிந்தன. அங்கிருந்து தாயாருக்கு எழுதிய ஆறுதல் நூலில், எங்குச் சென்றாலும் அதே வானம், அதே விண்மீன், நெஞ்சிலே சுமந்து சென்ற அதே அறம். ஆகையால் நாடுகடத்தல் ஒரு துன்பமன்று என வற்புறுத்தினார். அதே காலத்தில் அரண்மனை அதிகாரியான பொலீபியுக்கு மற்றோர் ஆறுதல் நூலும் எழுதினார். உடன்பிறந்தானை இழந்த அவ்வதிகாரிக்கு ஆறுதல் கூறுமுகமாக அரசனை அளவின்றிப் புகழ்ந்து, தமக்கு விடுதலை கிடைக்குமா என ஏங்கும் நூல் அது. முதல் நூலில் ஞானி பேசுகிறார். இரண்டாவதில் மனிதன் பேசுகிறான். இரண்டும் ஒரே கையெழுத்து.

விடுதலை 49இல் வந்தது. கிளாடியசை மணந்த அகிரிப்பினா, தன் மகன் நீரோவுக்கு ஆசிரியராக அவரை வரவழைத்தாள். 54இல் கிளாடியசு இறக்க, பதினாறு வயதினனான நீரோ அரியணை ஏறினான். செனேக்காவும் படைத்தலைவர் பர்ரசும் இளைஞன் பெயரால் பேரரசை நடத்தினர். அத்தொடக்க ஆண்டுகள் நல்லாட்சிக் காலம் எனப் பின்னோர் நினைவுகூர்ந்தனர். அக்காலத்திலே செனேக்கா தம் மாணாக்கனுக்கு எழுதியதே தண்ணளி பற்றிய நூல். வலிமை மிக்கவன் தன் வலிமையை அடக்கிக்கொள்வதே அவனுக்கு அழகு என்பது அதன் மையக் கருத்து. ஆனால் அந்நூல் எழுதப்பட்ட காலத்தை ஒட்டியே, 55இல், நீரோ கிளாடியசின் மகனான பிரித்தானிக்கசை நஞ்சூட்டிக் கொன்றான் எனச் சரித்திரம் சொல்லுகிறது.

செனேக்கா நாடுகடத்தலிலிருந்து மீண்டு நீரோவின் ஆசிரியராயிருந்த ஆண்டுகளிலேதான் பவுல் அப்போஸ்தலர் கிரேக்க நாட்டிலே ஊர் ஊராகச் சென்று போதித்தார். நம் நாட்டுக் கத்தோலிக்கர் முன்னாளில் சின்னப்பர் என வழங்கியவர் இவரே. இவர் பிறந்த தார்சு நகரம் ஸ்தோயிக்கர் பலர் வாழ்ந்த கல்விக் களம். ஏதென்சிலே எப்பிக்கூரியரும் ஸ்தோயிக்கருமான ஞானிகள் இவரோடு உரையாடினர் என்றும், ஸ்தோயிக்கச் சார்புடைய ஒரு கவிஞனின் அடியை எடுத்தாண்டு இவர் பேசினார் என்றும் அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகின்றன. கொரிந்து நகரில் யூதர் இவரைப் பிடித்துத் தேசாதிபதியின் நியாயாசனத்தின் முன் நிறுத்தினர். இது உங்கள் சமயச் சொல் வழக்கு, நான் தீர்ப்பதற்கன்று எனத் தேசாதிபதி அவர்களைத் துரத்திவிட்டார். அத்தேசாதிபதி வேறு யாருமல்லர். செனேக்காவின் தமையனாராகிய கல்லியோனே. தெல்பியில் கண்டெடுக்கப்பட்ட கிளாடியசின் கல்வெட்டால் கல்லியோன் 51, 52ஆம் ஆண்டுகளை ஒட்டி அப்பதவியில் இருந்தார் என்பது உறுதியாயிற்று. பவுலின் வரலாற்றுக்கு ஆண்டு வகுப்போர் இன்றும் இக்கல்வெட்டையே ஊன்றுகோலாகக் கொள்வர். ஒருவரது சகோதரர் மற்றவர்க்கு நியாயாதிபதி. இரு நெறிகளும் இவ்வளவு நெருங்கி வந்தும், ஒன்றையொன்று பாராமலே கடந்துபோயின.

மீண்டும் உரோமாபுரிக்குச் செல்வோம். 58இல் சுயிலியு என்பவன் செனேக்காவைப் பகிரங்கமாகப் பழித்தான். எந்த ஞானத்தால், எந்தத் தத்துவ விதியால் நான்கே ஆண்டுகளில் 30 கோடி செசுத்தேர்சு நாணயம் சேர்த்தார் என்பது அவன் வினா. பிரித்தானியருக்கு அவர் கொடுத்திருந்த 4 கோடி கடனைத் திடீரெனத் திருப்பிக் கேட்டது அங்கே எழுந்த பெருங்கலகத்துக்கு ஒரு காரணம் எனவும் டியோ காசியசு எழுதினார். செல்வத்தின் மயக்கம் பற்றி மிகுதியாக எழுதியவர் செல்வருட் செல்வராயிருந்தார் என்பதை மறைக்க முடியாது. கல்லியோனை விளித்து எழுதிய இன்ப வாழ்வு பற்றிய நூலில் அவர் கூறும் விடை இது: ஞானி செல்வத்தை விரும்பிப் பற்றுவதில்லை, வந்தால் ஏற்பான், போனால் வருந்தான், தாம் ஞானியல்லர், ஞானத்தை நோக்கி நடப்பவரே. சாமர்த்தியமான விடை, பொய்யென்று தள்ளவும் இயலாது. ஆயினும் மலைப்பிரசங்கத்தில் ஏழைகளுக்கு உரைக்கப்பட்ட வாழ்த்தையும், தன்னிடத்துள்ள யாவற்றையும் விற்றுத் தரித்திரருக்குக் கொடு எனச் செல்வ இளைஞனுக்கு இடப்பட்ட கட்டளையையும் இதனருகில் வைத்துப் பார்ப்பின், வேறுபாடு விளங்கும். ஒரு நெறி செல்வத்தின்மீது உள்ள பற்றைத் துறக்கச் சொல்லுகிறது. மற்றது அச்செல்வம் இல்லாதவனைக் காட்டி, அவனுக்குக் கொடு என்கிறது.

59இல் நீரோ பெற்ற தாயைக் கொல்வித்தான். அச்செயலை மூதவைக்கு நியாயப்படுத்தி அனுப்பிய கடிதத்தைச் செனேக்காவே எழுதினார் என்று அக்காலத்தவர் பழித்தனர் எனத் தாசிட்டசு என்னும் சரித்திராசிரியர் குறிக்கிறார். அவர் வாழ்வில் இதனினும் இருண்ட நாள் இல்லை. தாம் விலகினால் கொடுங்கோன்மை இன்னும் கட்டறுந்து போகும் என எண்ணினாரோ, அஞ்சினாரோ, அவர் நெஞ்சமே அறியும். பர்ரசு 62இல் இறந்தபின், தம் செல்வம் அனைத்தையும் அரசனிடமே ஒப்படைத்து ஒதுங்கியிருக்க அவர் விடை கேட்டார். நீரோ இனிய சொற்களால் மறுத்தான். அவரோ நோயைக் காரணம் காட்டி, கூட்டத்தைத் தவிர்த்து, வீட்டிலும் தோட்டங்களிலும் தங்கலானார்.

அவ்வொதுக்க வாழ்வே அவர்க்கு அழியாப் புகழைத் தந்தது. சிசிலித் தீவில் அரசாங்க அலுவல் பார்த்த உலூசிலியசு என்ற நண்பருக்கு அவர் எழுதிய கடிதங்களுள் 124 இன்று எஞ்சியுள்ளன. அவற்றில் அரசன் இல்லை, அரண்மனை இல்லை. மனிதனும் அவன் மனச்சான்றுமே உண்டு. அடிமைகளும் மனிதரே, எளிய நண்பரே. விதியின்முன் நாமும் அவர்களுடன் அடிமைகளே என்கிறார். வட்டரங்கிலே நண்பகல் வேடிக்கையாக மனிதர் கொல்லப்படுதலைப் பார்த்து மீண்டவன் மனிதத் தன்மை குறைந்தே வீடு திரும்புகிறான் எனக் கடிகிறார். நாம் யாவரும் ஒரு பேருடலின் உறுப்புக்கள் என்றும், கடவுள் நம் அருகில், நம் உள்ளே இருக்கிறார் என்றும் எழுதுகிறார். கொரிந்து நகரத்தார்க்குப் பவுல் எழுதிய நிருபத்திலும் உடலும் உறுப்பும் என்னும் உவமை வருகிறது. தேவனுடைய ஆவி தங்கும் ஆலயம் நீங்கள் என்னும் கருத்தும் வருகிறது. பிலேமோன் என்பவனுக்கு எழுதிய நிருபத்தில், ஓடிவந்த அடிமையைச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பவுல் வேண்டுகிறார். அடிமைமுறையை ஒழிக்க வேண்டும் என இருவருமே கேட்கவில்லை. அடிமையின் முகத்தில் மனிதனைக் காண இருவருமே கற்பித்தனர்.

ஒப்புமைகள் இவ்வளவு தெளிவாக இருத்தலின், பின்வந்தோர் இருவரும் நண்பராய் இருந்திருக்கவேண்டும் என எண்ணினர். எண்ணம் ஏடாயிற்று. செனேக்கா எழுதியன எட்டும் பவுல் எழுதியன ஆறுமாகப் பதினான்கு கடிதங்கள் நான்காம் நூற்றாண்டில் உலவின. எரோணிமுசார் அவற்றைக் குறிப்பிட்டு, செனேக்காவையும் திருச்சபை எழுத்தாளர் வரிசையிலே சேர்த்தார். இடைக்கால ஐரோப்பா அவற்றை மெய்யென நம்பியது. பதினாறாம் நூற்றாண்டில் எராஸ்மசு முதலிய அறிஞர் நடையையும் சரக்கையும் சோதித்து, அவை போலி எனத் தள்ளினர். இன்று அதில் ஐயமில்லை. செனேக்காவின் தீட்டிய நடையும் பவுலின் கொந்தளிக்கும் நடையும் அக்கடிதங்களில் ஒரு துளியும் இல்லை. நடை அறிந்தோரை ஏமாற்றுதல் அரிது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்போர் மகிழத்தக்க சான்று.

கடிதங்கள் போலியாயினும் கருத்து ஒன்றுதானே என மாணாக்கர் கேட்பர். இங்கேதான் சொற்பொருளை நுணுகி நோக்கவேண்டும். தண்ணளி, இரக்கம் என்னும் இரண்டையும் நாம் ஏறக்குறைய ஒரு பொருளிலே வழங்குகிறோம். செனேக்கா அவ்வாறு வழங்கார். நீரோவுக்கு எழுதிய அந்நூலிலேயே, தண்ணளி அறம், இரக்கமோ மனத்தின் நோய் என வேறுபடுத்துகிறார். ஞானி அழுவோனுக்கு உதவுவான், கை கொடுப்பான், உணவளிப்பான். ஆனால் அவனோடு சேர்ந்து அழமாட்டான். அவன் உள்ளம் கலங்காது. பவுலோ உரோமாபுரிக் கிறிஸ்தவருக்கு எழுதும்போது, அழுவாரோடு சேர்ந்து அழுமாறு பணிக்கிறார். இயேசுவும் நண்பன் லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்டார் என யோவான் எழுதினார். நல்ல சமாரியன் வழியிற் கிடந்தவனைக் கண்டு இரங்கினான் என்னுமிடத்தில் உலூக்கா ஆளும் கிரேக்க வினைச்சொல், குடல் என்னும் பெயரடியாகப் பிறந்தது. குடல் குழைய இரங்குதலை ஒரு நெறி நோய் என்றது. மற்றொரு நெறி அதனைக் கடவுளின் இயல்பே என்றது. உதவும் கை இரண்டிலும் ஒன்றே. அக்கைக்குப் பின்னுள்ள நெஞ்சு வேறு.

இன்னுமொரு சொல் தன்னிறைவு. ஸ்தோயிக்கர் பெரிதும் போற்றிய அக்கிரேக்கச் சொல்லையே பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் பவுலும் எடுத்தாளுகிறார். பசியிலும் நிறைவிலும் மனஅமைதியோடிருக்கக் கற்றேன் என்னும் அளவில் அவர் ஸ்தோயிக்கரே. ஆனால் அவ்வலிமை தமக்குள்ளிருந்து வந்ததன்று, தம்மைப் பலப்படுத்தும் ஒருவரிடமிருந்து வந்தது என அடுத்துச் சொல்லுகிறார். சொல்லைக் கடன் வாங்கினார்; பொருளைத் தலைகீழாக்கினார்.

இரவுதோறும் விளக்கு அணைந்து, மனைவியும் பேச்சொழிந்தபின், அன்றைய செயல்களைத் தம் நெஞ்சின் முன் நிறுத்தி விசாரணை செய்வது செனேக்காவின் வழக்கம். சினம் பற்றிய நூலில் அதனை விரித்துரைக்கிறார். கிறிஸ்தவத் துறவியரின் ஆன்ம சோதனைப் பயிற்சியும் இதனை ஒத்ததே. ஆயினும் செனேக்காவின் நீதிமன்றத்தில் குற்றவாளியும் அவரே, சாட்சியும் அவரே, நியாயாதிபதியும் அவரே. இனி இதனைச் செய்யாதே, இம்முறை மன்னித்தேன் எனத் தமக்குத் தாமே தீர்ப்பளித்துக்கொண்டு உறங்கப்போவார். சிறு பிழைகளுக்கு அத்தீர்ப்புப் போதும். அகிரிப்பினாவின் கொலையை நியாயப்படுத்திய கடிதத்தை எழுதிய இரவில் அது போதியதாயிருந்ததா? கிறிஸ்தவன் நிற்பதோ வேறொருவர் முன்னிலையில். மன்னிப்பைத் தானே எடுத்துக்கொள்ளாமல் பெற்றுக்கொள்கிறான். மனிதன் விழுந்தபின் அவனை எழுப்புவது எது என்ற இடத்திலேயே இரு நெறிகளும் முற்றாகப் பிரிகின்றன என்பது என் கருத்து.

ஆனால் செனேக்காவைக் கல்நெஞ்சர் எனக் கொள்வார் அவரைப் படியாதவரே. நண்பர் அன்னேயசு செரேனசு இறந்தபோது, ஞானிக்குத் தகாத அளவு அழுதுவிட்டேன் என உலூசிலியசுக்கு அவரே எழுதினார். தம் இளம் மனைவி பவுலீனா தம் உடல்நலம் குறித்து அஞ்சுகிறாள், அவள் பொருட்டாகவேனும் என் உடலைப் பேணுகிறேன் எனவும் எழுதினார். நோயாளிக்கு மருந்து சொல்லும் வைத்தியனாகத் தம்மை அவர் காட்டிக்கொள்ளவில்லை. அதே விடுதியில் பக்கத்துப் படுக்கையிற் கிடக்கும் மற்றொரு நோயாளியாகவே பேசினார். அவர் வகுத்த கொள்கை இரக்கத்தை விலக்கியது. அவர் எழுத்தோ இரக்கத்தால் நனைந்திருக்கிறது.

64ஆம் ஆண்டு சூலை மாதத்தில் உரோமாபுரி தீப்பற்றி எரிந்தது. பழி தன்மேல் வராதிருக்க நீரோ கிறிஸ்தவர்மீது குற்றஞ் சுமத்தி, அவர்களை விலங்குகளுக்கு இரையாக்கியும் சிலுவையில் அறைந்தும் தீவைத்தும் கொன்றான் எனத் தாசிட்டசு எழுதுகிறார். பவுலும் நீரோவின் ஆட்சியிலேயே உரோமாபுரியில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது பழைய மரபு. அந்நாட்களில் செனேக்கா உயிரோடிருந்தார். மனிதர் வதைக்கப்படும் வேடிக்கையை வெறுத்து எழுதிய அக்கை, இக்கொடுமை பற்றி எதனையும் எழுதி வைக்கவில்லை.

அவர் முறையும் வந்தது. 65இல் பீசோ என்பவன் நீரோவைக் கொல்லச் செய்த சதி வெளிப்பட்டபோது, செனேக்காவின் பெயரும் அதில் இழுக்கப்பட்டது. உயிரைத் தாமே விடுமாறு அரசன் ஆணை வந்தது. மரணசாசனம் எழுத அனுமதி மறுக்கப்பட, தம் வாழ்க்கையின் சாயலையே நண்பர்க்கு விட்டுச்செல்வதாகக் கூறினார். கைநரம்புகளை அறுத்துக்கொண்டார். பவுலீனாவும் உடன் இறக்கத் துணிந்து அவ்வாறே செய்தாள். நீரோவின் கட்டளையால் வீரர் அவள் காயங்களைக் கட்டி உயிர்மீட்டனர். முதுமையும் குறைந்த உணவும் மெலிவித்த உடலிலிருந்து குருதி விரைந்து வெளிவரவில்லை. ஏதென்சுக் கைதிகளுக்குக் கொடுக்கப்படும் நஞ்சை அருந்தினார், அதுவும் பயன்படவில்லை. இறுதியில் வெந்நீர்க் கூடத்தின் ஆவியில் மூச்சடங்கினார். இளமையிலிருந்து அவரைத் துன்புறுத்திய மூச்சுநோயே இறுதியிலும் வழிகாட்டியது போலும். சடங்கின்றி உடல் எரிக்கப்பட்டது. அடுத்த சில காலத்தில் உடன்பிறந்தார் இருவரும், மருகர் உலூக்கனும் அதே அரசனின் சினத்துக்கு இரையாயினர்.

இம்மரணத்திலும் இரு நெறிகளின் வேறுபாடு உண்டு. உயிரை விடும் வாயில் எப்பொழுதும் திறந்திருக்கிறது, அதுவே மனிதனின் சுதந்திரம் என ஸ்தோயிக்கர் கருதினர். உயிர் தந்தவர் அழைக்கும்வரை காத்திருத்தலே கடன் எனக் கிறிஸ்தவர் கொண்டனர். அகுஸ்தீனார் தற்கொலையைக் கடிந்து விரிவாக எழுதினார். மரணத்தின் அப்பால் உள்ளது முடிவோ வேறிடம் பெயர்தலோ எனச் செனேக்கா ஐயத்தோடு நின்றார். கிறிஸ்தவர் உயிர்த்தெழுதலை நம்பி நின்றனர். ஐயத்தோடு நின்றும் அஞ்சாது இறந்தமை செனேக்காவுக்கு ஒரு பெருமையே.

ஆகவே இரண்டும் ஒன்றே என்னும் முடிபு பொருந்தாது. இரண்டும் பகை என்பதும் பொருந்தாது. தெர்த்துல்லியன் அவரைப் பல வேளைகளில் நம்மவர் என்றமையும், ஆறாம் நூற்றாண்டில் பிராகா நகரத்து மார்த்தினார் அவர் கருத்துக்களைத் தழுவி அறநூல் செய்ய, அது நெடுங்காலம் செனேக்காவின் நூலாகவே வழங்கியமையும், 1532இல் கல்வின் தம் முதல் நூலாகத் தண்ணளி நூலுக்கு உரை எழுதியமையும் வெறும் மயக்கத்தால் நிகழ்ந்தனவல்ல. ஒரே காலத்தின் காயங்களுக்கு இருவேறு மருத்துவர் மருந்து தேடினர். மூலிகைகள் சில ஒத்தன, மருத்துவ முறை வேறு.

இனி, முதலில் எழுப்பிய வினா. தளர்ந்தவரின் நூலைக் கற்பிக்கலாமா? கற்பிக்கலாம் என்பதே என் விடை; ஆனால் அவர் தளர்ச்சியை மறைத்துக் கற்பித்தல் ஆகாது. அகுஸ்தீனார் செனேக்காவைக் கண்டித்த காரணமும் இதுவே. உள்ளத்தால் வெறுத்த தெய்வச் சடங்குகளை ஊருக்காக அவர் செய்தார் என்றார். அக்கண்டனத்தையும் மாணாக்கர் கேட்கட்டும். உலூசிலியசுக்கு எழுதிய கடிதங்களையும் படிக்கட்டும். அரசவையில் உண்மை சொல்லத் துணியாத ஒருவர், முதுமையில் தனியறையில் இருந்து, தமக்கும் நண்பருக்குமாகச் சொன்ன உண்மைகள் அவை. உயர்ந்த சொல்லை எழுதினால் மட்டும் போதாது, அதற்கு விலை கொடுக்க வேண்டிய நாளும் வரும் என்பதை அவர் நூல்களோடு அவர் வாழ்வையும் சேர்த்துப் படிப்போர் அறிவர். அந்நாளில் என் செய்வோம் என்பதை இப்பொழுதே எண்ணிப் பார்த்தல், கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.